சென்னியப்பனுக்குப் பதினெட்டு மதிப்பெண்

"உங்க கதையில வர்ற ஆளு மனுசன் இல்லைங்கம்மா" என்றார் தனபால்.

"மனுசன் இல்லீங்களா?"

"இல்லைங்க. மெசினு."

"அவரு எங்கூட்டுக்காரருங்க."

தனபால் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். "அப்படி எங்கயும் போடலியே. 'ஒரு ரிக் வண்டி டிரில்லர்'னுதான் போட்டிருக்கறீங்க."

அஸ்தம்பட்டியில், ஏற்காடு ரோட்டைப் பார்த்த ஒரு மாடியில் இயங்கிவந்தது கதைமாந்தர் மெய்ம்மைச் சான்றுக் கழகம். கம்ப்யூட்டர்கள் கதை எழுதத் தொடங்கியபின், மனிதர் அல்லாதவர்கள் கதைகளுக்குள் நுழைந்துவிட்டார்கள் என்ற கவலையில் பிறந்த அமைப்பு அது. எழுதியவர் மனிதரா என்று கழகம் பார்ப்பதில்லை. அதைக் கண்டுபிடிக்க முடியாது என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிட்டார்கள். கதைக்குள் வருகிறவர் மனிதரா என்று மட்டும் பார்த்தார்கள். நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கினால் மனிதர். கழகத்தின் முத்திரை இல்லாத கதையைச் சேலத்திலும் நாமக்கல்லிலும் எந்த அச்சகமும் தொடாது.

சௌந்திரத்துக்கு வேண்டியிருந்தது அச்சு மட்டும்தான். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு எருமைகளோடும் ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காட்டோடும் இருப்பவள் அவள். கணவர் சென்னியப்பன் இருபத்திரண்டு வருடமாக ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். வருடத்தில் பத்து மாதம் சத்தீஸ்கரில் இருப்பார். தினமும் பொழுது சாயும் நேரத்துக்குப் போன் செய்வார்.

"நானூத்தி இருவது அடி. பொகைதான். சாப்டியா?"

தண்ணீர் தட்டாத குழியிலிருந்து மண்தூசி மட்டும் கிளம்பினால் ரிக்காரர்கள் அதைப் புகை என்பார்கள். அவள் "சாப்டனுங்க" என்பாள். போன் வைக்கப்படும். அவர் அன்று துளைத்த அடியைச் சொல்லும் குரலை வைத்தே காய்ச்சல் அடிக்கிறதா, முதலாளியோடு தகராறா, ஊர் நினைப்பு வந்துவிட்டதா என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்பதை அவரிடம் சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வந்ததில்லை. எழுத வந்தது. பதினாறு பக்கம் எழுதி, போன பொங்கல் நோம்பிக்கு அவர் வந்திருந்தபோது நோட்டை நீட்டினாள்.

"என்னது?"

"கதைங்க. நான் எழுதுனது."

"கையெழுத்துன்னா எனக்குக் கண்ணக் கட்டுது புள்ள. அச்சுல வரட்டும். படிக்கறேன்."

சொன்னால் படிப்பார். முறுக்குக் கட்டிவந்த பேப்பரைக்கூட ஒரு வரி விடாமல் படிக்கிற மனிதர். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் சௌந்திரம் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு முதல் பஸ்ஸில் ஏறிச் சேலம் வந்திருந்தாள்.

"எதுக்குங்க மெசினுன்னு சொல்றீங்க?"

கழகத்தின் அலுவலர் தனபால், பக்கத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணைப் பார்த்தார். அவள் பெயர் மைதிலி; மதிப்பெண் போடும் சிஸ்டத்தை இயக்குகிறவள்.

"மேடம், 'அடி, பொகைதான், சாப்டியா' இதே பேட்டர்ன் நாப்பத்தியொரு தடவை வருது. நம்பர் மட்டும் மாறுது. சிஸ்டம் இதை மீட்டர் ரீடிங்னு எடுத்துக்கிட்டுச்சு."

"தெனமும் அப்படித்தானுங்க பேசுவாரு."

"அதான் மேடம் பிரச்சனையே. அப்புறம் பதினோராம் பக்கம். கதாநாயகியோட அம்மா இறந்துடறாங்க. அன்னைக்குச் சாயங்காலம் ஹீரோ போன் பண்ணி என்ன சொல்றாருன்னு படிக்கிறேன். 'இன்னைக்கு அடி இல்ல.' அவ்வளவுதான். சாப்பிட்டியான்னுகூடக் கேக்கல. சிஸ்டம் இதைப் பழுதுன்னு மார்க் பண்ணிருக்கு."

சௌந்திரம் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள். "ரிக் வண்டி எழவுக்கெல்லாம் நிக்காதுங்க. ராடு எறக்குனா எறக்குனதுதான். எங்கம்மா செத்த அன்னைக்கு வண்டிய நிறுத்திப்போட்டு உக்காந்திருக்கறாருங்க. மொதலாளி ஏசியும் எந்திரிக்கல. அதைத்தானுங்க சொன்னாரு."

"அதைக் கதையில எழுதலாமில்ல?" என்றார் தனபால்.

"எழுதிருக்கறனுங்களே. 'இன்னைக்கு அடி இல்ல'ன்னு."

அப்போது உள்ளறைக் கதவு திறந்து கழகத்தின் தலைவர் பாலசுந்தரம் வந்தார். நாற்பத்திரண்டு நூல்கள் எழுதியவர். கழகம் தொடங்குவதற்கு முன்பே வெளிவந்துவிட்டதால் அவற்றுக்கு விலக்கு உண்டு. ஒருவரோடு ஒருவராகப் பேசும்போதும் பின்வரிசைக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

"அம்மா! இயந்திரம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லும். மனிதன் ஒருபோதும் சொன்னதைச் சொல்வதில்லை! இதை நான் முந்நூறு மேடைகளில், இதே சொற்களில் முழங்கியிருக்கிறேன். கைதட்டல்கூட இதே இடத்தில்தான் விழும்."

தனபால் இரண்டு கைகளையும் மெதுவாகத் தட்டினார்.

"பாத்திர விவரப் படிவம் கொடுத்தாயா தனபால்? அதிலேயே பாதி உண்மை விளங்கிவிடும்."

படிவம் எட்டுப் பக்கம் இருந்தது. பாத்திரத்தின் உயரம், மச்சம், பிடித்த பூ, நிறைவேறாத கனவு, தந்தையோடு உள்ள கசப்பு. நான்காம் பக்கத்தில் கூட்டம் என்கிற குலப்பிரிவும் குலதெய்வமும் கேட்டிருந்தது.

"கதையில வர்றவருக்குக் கூட்டம் எதுக்குங்க?"

"ஏனுங்கம்மா, கூட்டம் சொல்லாம ஒருத்தர் ஊட்டுக்குள்ள வந்தா நாம ஒப்புக்கறமா? கதைக்குள்ள மட்டும் எப்படி உடறது? முன்ன ஒரு கதை வந்துச்சு. அவன் எந்தூரு, யாரு வகையறான்னு ஒண்ணுமே இல்ல, சும்மா 'ஒரு மனிதன்'னு ஆரம்பிக்குது. பூஜ்யம் போட்டு அனுப்பிட்டோம்" என்றார் தனபால்.

நிறைவேறாத கனவு என்ற இடத்தில் சௌந்திரம் வெகுநேரம் பேனாவை வைத்திருந்தாள். கடைசியில், "ஒரு குழியிலயாச்சும் நூறடிக்குள்ள தண்ணி" என்று எழுதினாள். மைதிலி அதைச் சிஸ்டத்தில் ஏற்றினாள். மதிப்பெண் பதினொன்றிலிருந்து ஒன்பதாக இறங்கியது.

"ஒரே ஒரு வழி இருக்குங்க" என்றார் தனபால். "மூலநபர் ஆய்வு. நீங்க யாரைப் பார்த்து எழுதினீங்களோ அவரையே கொண்டாந்து நிறுத்துங்க. அவரு முப்பத்தஞ்சு வாங்கிட்டாருன்னா, கதையில வர்ற ஆளையும் மனுசன்னு எடுத்துக்கறோம்."

மாடிப்படியின் கீழே ரஷீதின் ஜெராக்ஸ் கடை இருந்தது. படிவத்துக்கு மூன்று நகல் எடுக்க நின்றவளைப் பார்த்து அவர் கேட்டார், "என்னக்கா, உங்காளு எத்தனை?"

"ஒம்பதுங்க."

"பரவால்ல. போன வாரம் எங்க மாமி வஹீதுன்னிசா அவங்க மாமியாரைப் பத்தி எழுதிட்டுப் போனாங்க. மாமியாருக்கு எம்பத்தெட்டு. சந்தோசமா வருவாங்கன்னு பார்த்தா கீழ வந்து ஒரே அழுகை. 'அந்தப் பொம்பளைக்கா எம்பத்தெட்டு'ன்னு."

அன்று சாயங்காலம் சென்னியப்பனின் போன் வந்தது.

"முந்நூத்தி பத்து. லேசா ஈரம். சாப்டியா?"

"சாப்டனுங்க. நீங்க ஒருக்கா ஊருக்கு வரோணுங்க."

"எதுக்கு?"

"நீங்க மனுசன்னு சேலத்துல வந்து காட்டோணுமாங்க."

கம்ப்ரசர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் கேட்டார், "ஆதார் எடுத்துட்டு வரட்டுமா?"

ஒன்றரை நாள் ரயிலில் வந்தார். மடிப்பு வேட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் தடவி, சௌந்திரத்துக்கு இரண்டடி முன்னால் நடந்து மாடியேறினார். மேசையில் அவள் கதை உறையிட்டு அரக்கு வைக்கப்பட்டிருந்தது.

"அதுதான் கதைங்களா? ஒருக்கா பாத்துக்கறேன்" என்று கை நீட்டினார் சென்னியப்பன்.

தனபால் உறையை இழுத்துக்கொண்டார். "மூலநபர் படைப்பைப் படிக்கக் கூடாதுங்க. பதில் மாசுபட்டுரும்."

சென்னியப்பனின் விரலில் ஒரு கவ்வியை மாட்டினார்கள். மைதிலி திரையைப் பார்த்து ஆரம்பிக்கலாம் என்றாள். பாலசுந்தரம் தொண்டையைச் செருமினார்.

"உங்கள் இளமைக்கால நினைவு ஒன்றைச் சொல்லுங்கள்."

"எருமை மேச்சனுங்க."

"அப்போது என்ன உணர்ந்தீர்கள்?"

"அது மேயற வரைக்கும் நிக்கோணுமுங்க."

"மழையைக் கண்டால் உங்கள் உள்ளத்தில் எழுவது?"

"வண்டி சேத்துல எறங்கிக்குமுங்க."

"கடைசியாக எப்போது அழுதீர்கள்?"

சென்னியப்பன் சௌந்திரத்தைப் பார்த்தார். பொய் சொல்லக்கூடாத இடம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "சொல்றாப்புல நெனப்பில்லீங்க."

"மனைவியை நேசிக்கிறீர்களா?"

தனபால் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவ இங்கதானுங்க இருக்கறா."

"கேள்விக்குப் பொருந்தாத விடை" என்று மைதிலி வாய்விட்டுச் சொல்லித் தட்டினாள்.

"கடைசி வினா. உங்களுக்கும் நீங்கள் ஓட்டும் ரிக் வண்டிக்கும் என்ன வேறுபாடு?"

"அதுக்கு மாசம் ஒருக்கா சர்வீசு உண்டுங்க."

மைதிலி ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையில் எண் வந்தது.

"பதினெட்டு" என்றாள். "ஆதாருக்குப் பத்து, மூச்சுக்கு அஞ்சு, வேர்வைக்கு மூணு."

சௌந்திரம் எழுந்துவிட்டாள். "என்ற புருசன் உங்க முன்னால உக்காந்திருக்கறாருங்க. இதுக்கு மேல என்னத்தக் காட்டறது?"

"அம்மா, உட்கார்ந்திருப்பது ஒரு சான்றல்ல. நாற்காலியும்தான் இருக்கிறது" என்றார் பாலசுந்தரம் கனிவாக. "மனிதன் எப்படி இருப்பான் என்று நீங்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது. மைதிலி, அளவுகோலைக் காட்டம்மா."

திரையில் ஒரு ஆண் முகம் வந்தது. நாற்பது வயது, லேசான தாடி. யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே அதன் கண்கள் கலங்கின. "மழை பெய்யும்போதெல்லாம்," என்றது அந்த முகம், "என் தாயின் ஈரச் சேலை வாசம் என்னைத் தேடி வருகிறது. நான்தான் அவளைத் தேடிப் போகவில்லை." ஒரு துளி சரியாகக் கன்னத்தின் நடுவில் நின்றது.

பாலசுந்தரம் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். "தொண்ணூற்றேழு! இவரை வைத்துத்தான் நாங்கள் மற்ற மனிதர்களை அளக்கிறோம்."

"இவரு ஆருங்க?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"யாரும் இல்லை. யாராவது ஒருவராக இருந்தால் குறை இருக்கும் அல்லவா? அதனால்தான் உருவாக்கிக்கொண்டோம்."

"பாவம், அவிங்கம்மா செத்துப்போச்சுங்களா?"

"அவருக்கு அம்மா கிடையாது."

சென்னியப்பன் தலையை ஆட்டினார். "செரி, நான் கெளம்பட்டுங்களா? அங்க வண்டி நிக்குது."

"தாராளமாக. வருத்தப்பட வேண்டாம். உங்களைத் திருத்துவது எங்கள் வேலையல்ல. கதையில் இருப்பவரைத் திருத்தினால் போதும்."

ஜங்ஷனில் ரயிலுக்கு நேரம் இருந்தது. சென்னியப்பன் இரண்டு டீ வாங்கிவந்து ஒன்றை அவளிடம் கொடுத்தார்.

"நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டனா?"

"இல்லீங்க."

"பதினெட்டுன்னா கம்மிதான?"

"கம்மிதானுங்க."

"பத்தாவதுல கணக்குலயும் எனக்குப் பதினெட்டுதான்" என்றார். கொஞ்சம் கழித்து, "உனக்கு அது அச்சுல வரோணும், அவ்வளவுதான? என்ன பண்ணோணுமோ பண்ணிக்க. நான் படிக்கறேன்" என்றார்.

அவரை ரயிலேற்றிவிட்டு, சௌந்திரம் நேராக ரஷீதின் கடைக்குத் திரும்பினாள்.

"பதினெட்டா? அக்கா, கடைசியில எல்லாரும் இங்கதான் வராங்க" என்று ரஷீத் ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்தார். "மழைப் பத்தி ஒண்ணு, அம்மாப் பத்தி ஒண்ணு, நெலாப் பத்தி ஒண்ணு. அழுகை மூணு சைஸ்ல இருக்கு. பேரை மட்டும் மாத்திக்க வேண்டியதுதான்."

"இதெல்லாம் ஆரு எழுதுனதுங்க?"

"கம்ப்யூட்டர்தாங்க்கா. மனுசன் உக்காந்து இப்படியெல்லாம் எழுதுவானா?"

அவள் மழைப் பத்தியை மட்டும் வாங்கிப் போனாள். எட்டு இடங்களில் அடியை எடுத்துவிட்டு மழையை வைத்தாள். இருபத்திரண்டு வந்தது. அடுத்த வாரம் பதினைந்து அடிகளை எடுத்துவிட்டு நிலாவை வைத்தாள். இருபத்தொன்பது. "ஹீரோ இப்போ லேசா மூச்சு விட ஆரம்பிச்சிருக்காரு மேடம்" என்றாள் மைதிலி. நடு அழுகையையும் அம்மாவையும் சேர்த்து, மீதி அடிகளையும் எடுத்தபோது முப்பத்துநான்கு வந்தது.

"ஒரே ஒரு மார்க்குங்க. போட்டு உடுங்க சாமி."

"கருணையெல்லாம் இங்க கெடையாதுங்கம்மா. மனுச விசயம் இது" என்றார் தனபால். "அந்தப் பதினோராம் பக்கம் இன்னும் அப்படியே கெடக்குது பாருங்க. 'இன்னைக்கு அடி இல்ல.' அதை எடுத்துட்டுப் பெரிய அழுகையை வெச்சீங்கன்னா முடிஞ்சுது."

"அது மட்டும் இருக்கட்டுங்க. மத்ததெல்லாம் எடுத்துட்டேன்."

"மத்ததெல்லாம் எடுத்ததுக்கப்புறம் அது யாருக்குங்க புரியும்? கதையில அடின்னே ஒரு பேச்சு இல்ல. திடீர்னு அடி இல்லைங்கறான். படிக்கறவன் சிரிப்பான்."

அவர் சொன்னது சரிதான். சௌந்திரம் மூன்று நாள் அந்தப் பக்கத்தைத் தொடாமல் இருந்தாள். மூன்று நாளும் சாயங்காலம் போன் வந்தது. மூன்றாம் நாள், "ஐநூத்தி அறுவது. பொகைதான். அச்சுல வந்துருச்சா?" என்றார். அவர் 'சாப்டியா' கேட்காமல் விட்டது இருபத்திரண்டு வருடத்தில் அது இரண்டாவது முறை.

எப்படியும் அவள் பெயர் போட்டு வரும். அவர் அதைப் படிப்பார். படித்தால், அவளுக்கு எல்லாம் தெரியும் என்று அவருக்கு விளங்கிவிடும். அப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள். மறுநாள் பெரிய அழுகையை வைத்துக் கொடுத்தாள்.

எழுபத்தாறு.

பாலசுந்தரம் எழுந்து நின்று அவளைக் கும்பிட்டார். "பிறந்துவிட்டான் அம்மா! உங்கள் கையில் ஒரு மனிதன் பிறந்துவிட்டான். முதல் முறை வந்தபோது நீங்கள் யாரோ ஒருவரை எழுதியிருந்தீர்கள். இப்போது எல்லோரையும் எழுதிவிட்டீர்கள்!"

தனபால் முத்திரை வைத்தார். பிறகு பழைய பிரதிகளையும் மூன்று நகல்களையும் அந்தப் பதினாறு பக்க நோட்டையும் அடுக்கி, தாள் வெட்டும் மெசினருகே வைத்தார்.

"நோட்டை மட்டும் குடுத்துருங்க."

"விதியில இடமில்லைங்கம்மா. சான்று பெறாத ஆளு வெளிய நடமாடக் கூடாது. கவலைப்படாதீங்க, வீணாகாது. நாமக்கல்ல முட்டைப்பெட்டிக்குள்ள மெத்தையாப் போட அனுப்பிருவோம்."

மெசின் பதினாறு பக்கத்தையும் ஒரு நிமிடத்தில் வெட்டி முடித்தது.

அவள் கதையோடு கழகத்தின் ஆண்டுத் தொகுப்பு ஆவணியில் வந்தது. அட்டையில் 'மனிதர்கள்' என்று போட்டு, கீழே 'முப்பத்தைந்துக்கும் மேல்' என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள். சௌந்திரம் ஒரு பிரதியைப் பார்சலில் அனுப்பினாள். அது போய்ச் சேர்ந்த அன்று போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்துக்கு, எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கும்போது வந்தது.

"சொல்லுங்க" என்றாள்.

மறுமுனையில் தாள் சரசரத்தது.

"என்... உயிரின்... ஈரமே" என்றார் சென்னியப்பன், எழுத்துக் கூட்டுகிற குரலில். "நிலவு இன்றிரவு... உன் முகத்தை... என்னிடம் கடன் கேட்கிறது."

"ஏனுங்க?"

"இரு புள்ள, வரி தவறிப்போயிரும். நீ... இல்லாத... திசையெல்லாம்..."

"ஏனுங்க, என்னாச்சு உங்களுக்கு?"

"படிச்சேன். ரெண்டு தரம் படிச்சேன். நல்லா இருக்குது. அந்த ஆளு நல்ல ஆளு."

"அது நான் எழுதலீங்க."

"உன்ற பேருதான போட்டிருக்குது."

எருமை தொட்டியிலிருந்து தலையைத் தூக்கியது.

"இப்படியெல்லாம் வேணும்னு உனக்கு இருந்திருக்குது" என்றார். "இருவத்திரண்டு வருசம். எனக்குத் தெரியல புள்ள. நான் பாட்டுக்கு அடியச் சொல்லிட்டிருந்திருக்கறேன்."

"இல்லீங்க. அப்படி இல்லீங்க. இன்னைக்கு எத்தனை அடின்னு சொல்லுங்க."

"அது எதுக்கு? அந்தாளு அடியே சொல்றதில்லியே."

"நீங்க சொல்லுங்க. எத்தனை அடிங்க?"

"பழைய பழக்கத்துல கேக்கற. எனக்கும் அப்படித்தான் வாயில வருது. மாத்திக்கலாம்." மீண்டும் தாள் சத்தம் கேட்டது. "ஒரு பக்கத்துல மட்டும் ஒண்ணு கேக்கோணும். மாமியா எறந்ததுக்கு அவன் தேம்பித் தேம்பி அழுகறான். நான் அன்னைக்கு ஒண்ணுமே பண்ணலியே. அதை மனசுல வெச்சுட்டுத்தான் எழுதுனியா?"

"ஐயோ, இல்லீங்க!"

"இருக்கட்டும். தப்புதான். இப்ப பண்றேன். இந்த எடத்துல அழுகோணும்னு போட்டிருக்குது. சித்த இரு, பாக்கறேன்."

அவர் வாயைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது தெரிந்தது. தொண்டையைச் செருமினார். மூச்சை இழுத்து விட்டார். மறுபடி இழுத்தார். தூரத்தில் யாரோ அவர் பெயரைச் சொல்லி வண்டிக்குக் கூப்பிட்டார்கள். "வாரேன், வாரேன், ஒரு நிமிசம்" என்று அங்கே சொல்லிவிட்டு மீண்டும் முயன்றார்.